வீட்ல வேற யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?

அந்தக் கேள்வியை அண்ணி அளவுக்கு அழகாகக் கேட்க அந்த இன்டர்நெட் கம்பெனியின் புகார் பிரிவில் வேறு ஆளே கிடையாது. நெட் நத்தை மாதிரி ஊர்கிறது, படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, மீட்டிங்கில் என் மூஞ்சி அப்படியே உறைந்து போகிறது என்று எவனாவது காட்டுக் கத்தல் கத்திக்கொண்டு வருவான். அண்ணி அவனைக் கொஞ்ச நேரம் கத்த விடுவாள். மூச்சு வாங்க அவன் நிறுத்துகிற இடமாகப் பார்த்து, குரலைத் தழைத்துக்கொண்டு, "சார், வீட்ல உங்களைத் தவிர வேற யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?" என்பாள். அவ்வளவுதான், எதிர்முனையில் சத்தம் அடங்கிவிடும். அடுத்த நொடி, "டேய், இங்க வாடா! உள்ள என்னடா பண்ணிக்கிட்டிருக்கே?" என்று அவன் வேறு யாரையோ பிடித்துக்கொள்வான். கம்பெனியை விட்டுவிடுவான். அண்ணி புகாரை முடித்து வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பாள்.

கேள்வி அவளுடைய சொந்தச் சரக்கு இல்லை, கம்பெனி கொடுத்தது. ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வதற்கும் முன்னால் இதைத்தான் கேட்க வேண்டும் என்று பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் என்றார்கள், அண்ணியும் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவளுடைய கம்ப்யூட்டரில் எந்த வாடிக்கையாளரின் எண்ணைப் போட்டாலும் 'லைன் நன்றாக உள்ளது' என்றுதான் வரும். திட்டத்தின் பெயரோ அன்லிமிடெட். லைனிலும் குறையில்லை, திட்டத்திலும் அளவில்லை என்றால், தப்பு வீட்டுக்குள்தானே இருக்க வேண்டும்? புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். "மிரட்டற மாதிரி கேக்காதீங்க, அக்கறையா கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்குங்க. மிச்சத்தை அவங்க வீட்டுக்குள்ளயே பாத்துப்பாங்க" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

ஆபீசில் அவள் எல்லோருக்கும் அண்ணியானது நாத்தனாரால். கணவனின் தங்கை ஒருமுறை ஆபீசுக்குப் போன் போட்டு, "எங்க அண்ணி இருக்காங்களா?" என்று கேட்டாள். எடுத்தவன், "அண்ணி, உங்களுக்குத்தான்" என்று கத்தினான். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான். அந்த நாத்தனாரை வீட்டில் எல்லோரும் பாப்பா என்பார்கள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடி, தலையில் ஒன்றிரண்டு நரைகூட எட்டிப் பார்த்துவிட்டது. இன்னும் பாப்பாதான்.

பிறகு கம்பெனி ஆபீசைச் சுருக்கிக்கொண்டு, நன்றாக வேலை செய்கிறவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது. அண்ணிக்குப் படுக்கையறை மூலையில் ஒரு மேஜை, கம்பெனிக் கம்ப்யூட்டர், காதில் மாட்டிக்கொள்ளும் மைக். ஊழியர்களுக்கென்று கம்பெனியே கொடுத்த அன்லிமிடெட் இணைப்பு. கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் இருட்டத்தான் வருவான். அவன் வைத்திருப்பது பட்டன் போன். "நெட்டா? எனக்கு கம்ப்ரஸர் ஓடினா போதும்" என்பான்.

அப்படி இருந்த வீட்டுக்குத்தான் ஒரு நாள் பாப்பா ஒரே ஒரு பையோடு வந்து நின்றாள்.

"அடிச்சானா?" என்றான் மெக்கானிக். அவன் முகம் கோபத்தில் கறுத்துவிட்டது.

"அடிச்சிருந்தாக்கூட பரவால்லண்ணா. கேட்டுக்கிட்டே இருக்காரு. எங்க போனே, யாரைப் பாத்தே, எதுக்கு இவ்வளவு நேரம், ஏன் தலை வாரிக்கிட்டே... பதில் சொன்னா பொய்யிங்கறாரு. சொல்லலேன்னா அதுக்கும் சந்தேகம்."

அண்ணி அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். "உள்ள வாடி. இந்த வீட்ல உன்னை யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. நான் இருக்கேன்ல?" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். முன்னறையைக் காலி செய்து கொடுத்தாள். பாப்பா கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்கத் தூங்கினாள். தூங்கட்டும், பாவம் என்று அண்ணி டிவியின் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தாள்.

அதே வாரத்தில் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டரில் என்னவோ வந்தது. தகவல் பாதுகாப்புக்காகப் புது மென்பொருள், ஒத்துக்கொள்கிறேன் என்ற இடத்தில் அழுத்தவும் என்றிருந்தது. அண்ணி அழுத்தினாள். அந்த மாதிரி வாரத்துக்கு ஒன்று வரும், யார் உட்கார்ந்து படிப்பது?

மாசக் கடைசியில் ஆரம்பித்தது வினை. வாடிக்கையாளர் குரல் விட்டு விட்டுக் கேட்டது. அவள் பேசுவதும் அந்தப் பக்கம் பாதிதான் போனது. "ஹலோ... கேக்குதா... ஹலோ" என்பதிலேயே ஒவ்வொரு அழைப்பும் தீர்ந்துபோனது. நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் சொல்லக் கூப்பிட்ட ஒரு பெரியவர், "ஏம்மா, உங்க நெட்டே இந்த லட்சணத்துல இருக்கே, நீ எங்க எனக்கு சரி பண்ணப் போறே?" என்று சிரித்தே விட்டார். அண்ணிக்கு மானம் போயிற்று.

சூப்பர்வைசர் கூப்பிட்டார். அண்ணியைவிட வயதில் சின்னவர், மரியாதையான ஆள்.

"அண்ணி, உங்க கால் எல்லாம் பாதியில அறுந்து போகுது. இது தொடர்ந்தா வீட்லேர்ந்து வேலைங்கறதை ரத்து பண்ணிடுவாங்க. எனக்கு மேல இருக்கறவங்க இதெல்லாம் காதுல போட்டுக்க மாட்டாங்க."

"லைன்ல ஏதாவது கோளாறா பாருங்க சார்."

"லைன் நல்லா இருக்கு அண்ணி." கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு, அக்கறையாகக் கேட்டார். "வீட்ல உங்களைத் தவிர வேற யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அண்ணியின் கண் தானாக முன்னறைக் கதவுப் பக்கம் போனது. கதவு சாத்தியிருந்தது.

பாருங்கள், ஊருக்கே அந்த மருந்தைக் கொடுத்தவள், தனக்குக் கொடுக்கும்போது என்ன மருந்து என்று தெரியாமல் குடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க எல்லாமே தப்பாகத் தெரிந்தது. பாப்பா போனை மேஜையில் கவிழ்த்து வைக்கிறாள், எதற்குக் கவிழ்க்க வேண்டும்? சாப்பிடக் கூப்பிட்டால் உடனே வருவதில்லை, உள்ளே எதையோ மூடிவிட்டு வருகிற மாதிரி கொஞ்சம் தாமதித்து வருகிறாள். முன்பைவிட முகத்தில் ஒரு தெளிவு. புருஷனை விட்டுவிட்டு வந்தவளுக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? துவைத்த துணியை எடுத்துக்கொண்டு முன்னறையைத் தாண்டும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. தணிந்த குரல், கொஞ்சல் மாதிரி. நடுவில் ஒரு சிரிப்பு. அண்ணி துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.  யாரிடம் பேசுகிறாள்? வீடியோவில்தான் பேசுகிறாள், அதுதான் நெட் முழுவதையும் உறிஞ்சுகிறது என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

சாப்பாட்டு மேஜையில் மெக்கானிக்கிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "உங்க தங்கச்சி ரொம்ப நேரம் உள்ளயே இருக்காளே, கவனிச்சீங்களா?"

"வெளிய வந்தா மட்டும் என்ன பண்றது? நீ காதுல மைக்கை மாட்டிக்கிட்டு ஊரான் வீட்டுப் பஞ்சாயத்து பண்ணிக்கிட்டிருக்கே, நான் எவன் வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ளயோ தலையை விட்டுக்கிட்டிருக்கேன். சுவரோடதான் பேசணும்."

"பேசறாளே. அதான் யாருகிட்டன்னு தெரியல."

மெக்கானிக் சாப்பிடுவதை நிறுத்தினான். "இந்தப் பேச்சை இதோட விட்டுடு. இதே பேச்சைக் கேக்க முடியாமதான் அவ இங்க வந்திருக்கா" என்றான். அண்ணிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவன் மேல்தான் கோபம் வந்தது. தங்கச்சி என்றால் உருகிவிடுவானே என்று நினைத்தாள்.

நேராகக் கேட்க வாய் வரவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறாளே. அதனால் சத்தம் போடாமல் வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். பாப்பா வந்து கேட்பாள், நெட் வரலையே அண்ணி என்பாள், அப்போது பேச்சுவாக்கில் விசாரித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தாள். பாப்பா கேட்கவே இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வந்தாள், சாப்பிட்டாள், பாத்திரத்தைக் கழுவி வைத்தாள், போனாள். மடியில் கனமில்லை என்றால் வந்து கேட்டிருக்கமாட்டாளா, கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று அல்லவா மென்று விழுங்குகிறாள் என்று அண்ணி நினைத்தாள். பாவம், பாப்பா கேட்டிருந்தாலும் அவள் அதைத்தான் நினைத்திருப்பாள்.

மறுநாள் புது மாதம் பிறந்தது. லைன் பறந்தது! குரல் கணீரென்று கேட்டது. அண்ணிக்கு வேறு சாட்சியே தேவைப்படவில்லை. பாஸ்வேர்டை மாற்றினோம், சரியாகிவிட்டது. திருடி முன்னறையில்தான். அந்தச் சந்தோஷத்தில் பாப்பாவிடம் கொஞ்சம் அன்பாகக்கூட இருந்தாள். கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறோமே என்று தன் பெருந்தன்மையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

மூன்று வாரம்தான். மறுபடியும் குரல் அறுந்தது.

புது பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? மெக்கானிக்குக்குத் தெரியாது, அவனுக்கு அது என்னவென்றே தெரியாது. அப்படியென்றால் தான் குளிக்கப் போன நேரத்தில் மேஜைக்கு வந்து எதையோ நோண்டியிருக்கிறாள். தன் மேஜையை! தன் கம்ப்யூட்டரை! அண்ணியின் மண்டைக்குள் சூடேறிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் கூப்பிட்டார். "அண்ணி, இதுதான் கடைசி வார்னிங். மேலேர்ந்து எழுதி அனுப்பிட்டாங்க" என்றார். அண்ணி மைக்கைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னறைக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள்.

பாப்பா திறந்தாள். கண்ணில் பயம் இருந்தது. குற்றவாளியின் பயம் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

"யாருகிட்டடி பேசறே?"

"யாருகிட்டயும் இல்ல அண்ணி."

"நான் காதால கேட்டேன். சிரிப்புச் சத்தம் வேற. பாஸ்வேர்டை மாத்தினேன், அதையும் எடுத்துட்டே. என் வேலை போகப் போகுது, தெரியுமா உனக்கு? உனக்கு இடம் கொடுத்தவ பொழப்புல மண்ணைப் போடறியே!"

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி."

"இந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுதான் அங்கயும் சத்தியம் பண்ணியிருப்பே. உன் புருஷன் சும்மாவா சந்தேகப்பட்டாரு?"

சொல்லி முடித்த உடனேயே அதைத் திரும்ப விழுங்கிவிட மாட்டோமா என்றிருந்தது. வாயை விட்டுப் போனது போனதுதான். பாப்பா அழவில்லை, எதிர்த்துப் பேசவில்லை. ஏதோ ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயத்தை இன்னொருத்தர் வாயாலும் கேட்டுவிட்ட மாதிரி, சும்மா தலையை ஆட்டினாள்.

காலையில் அவள் இல்லை. பத்து மணி வாக்கில் அண்ணனுக்குப் போன் செய்தாள். "அங்கயே போயிட்டேன்ணா. நல்லா இருக்கேன். அண்ணியைத் திட்டாத" என்றாளாம். மெக்கானிக் திட்டவில்லை. அவன் பேச்சையே நிறுத்திவிட்டான். சாப்பாடு போட்டால் சாப்பிட்டான், போடாவிட்டால் அப்படியே போனான். கட்டின மனுஷன் வீட்டுக்குள் ஊமையாக நடமாடுவது எவ்வளவு பெரிய தண்டனை என்று அனுபவிப்பவருக்குத்தான் தெரியும்.

ஆனால் ஒரு வாரத்தில் லைன் பறந்தது. புது மாதம். அண்ணி உள்ளுக்குள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பாத்தீங்களா, அவள் போனாள், சரியாயிடுச்சு என்று ஊமைப் புருஷனிடம் மனசுக்குள்ளேயே வாதாடினாள். பேச்சுதான் கொஞ்சம் அதிகம், விஷயம் உண்மைதான் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்தாள்.

அந்த மாதத்தின் மூன்றாவது வாரம் முடிகிற நேரத்தில், ஒரு வாடிக்கையாளரிடம், "சார், வீட்ல உங்களைத் தவிர" என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து, "என்னது? என்னங்க? விட்டு விட்டுக் கேக்குது" என்றார்.

அண்ணி மைக்கைக் கழற்றி வைத்தாள். வீட்டில் ஒருவரும் இல்லை. எழுந்து முன்னறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். பாப்பா ஏதாவது பெட்டியை ஒளித்து வைத்துவிட்டுப் போய்விட்டாளோ என்று, அட, அப்போதும் அவளைத்தான் சந்தேகப்பட்டாள்! அலமாரிக்குப் பின்னால் ஒரு ஹேர்பின்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரனா? அவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய் வாரமாகிறது. வேறு வழியில்லாமல், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி தன் கம்பெனியின் புகார் எண்ணையே கூப்பிட்டாள். எடுத்த பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்ததே அவள்தான். குரலை அந்தப் பெண்ணுக்கு அடையாளம் தெரியவில்லை.

"மேடம், வீட்ல உங்களைத் தவிர வேற யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?" என்றது அந்தப் பெண். எவ்வளவு அக்கறையான குரல்!

"யாரும் இல்ல. நான் ஒருத்திதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம். உங்களுக்குத் தெரியாம யாராவது..."

அண்ணி போனை வைத்துவிட்டாள். மேலெல்லாம் கூசியது. செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போய் சூப்பர்வைசர் எதிரில் உட்கார்ந்தாள்.

"சார், வீட்ல யாரும் இல்ல. ஈ காக்கா இல்ல. அப்புறம் எப்படி மெதுவாகுது? உங்க ஸ்கிரீன்ல எங்க ஸ்கிரீனைவிட அதிகமாத் தெரியும்னு எனக்குத் தெரியும். பாத்துச் சொல்லுங்க."

அவர் அக்கம் பக்கம் பார்த்தார். "அண்ணி, இது உங்களோட இருக்கட்டும். எந்த இணைப்புக்கும் மாசத்துக்கு ஒரு அளவு இருக்கு. அதைத் தாண்டினா வேகம் தானா குறைஞ்சிடும். மாசம் பிறந்தா திரும்ப வந்துடும்."

 "அப்ப அன்லிமிடெட்னு விக்கறோமே?"

"நெட் நிக்கறதில்லையே அண்ணி. மெதுவாப் போகும், ஆனா நிக்காது. அந்தக் கணக்குல லிமிட் இல்லதானே? பக்கத்துல நட்சத்திரக் குறி போட்டிருக்கோமே."

"நட்சத்திரத்துக்குக் கீழ என்ன இருக்கு?"

"வெப்சைட்டைப் பாக்கவும்னு இருக்கு."

"வெப்சைட்டுல?"

"நியாயமான பயன்பாட்டுக்கு உட்பட்டதுன்னு இருக்கு."

"நியாயம்னா எவ்வளவு?"

சூப்பர்வைசர் பேனாவை உருட்டினார். "அது போடல. போட்டா எல்லாரும் கணக்குப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க அண்ணி. சில பேரு எக்கச்சக்கமா எடுத்தா மத்தவங்களுக்குக் கிடைக்காதுங்கறதும் நிஜம்தான். அளவு வைக்கறது தப்பில்ல."

"வைக்கறது தப்புன்னு யாரு சொன்னா? வச்சுட்டு மறைக்கறீங்களே! அதை வாயைத் திறந்து சொல்லித் தொலைச்சிருந்தா எவனாவது வீட்ல இருக்கறவங்களைப் பிடிச்சு உலுக்குவானா?" அண்ணியின் குரல் உயர்ந்தது. "அப்ப அந்தக் கேள்வி எதுக்கு? கோளாறு கண்டுபிடிக்கன்னீங்களே?"

"அந்தக் கேள்வி கேட்டா பாதிப் பேரு திரும்பக் கூப்பிடறதில்ல அண்ணி" என்றார் அவர். சொல்லும்போது அவருக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பேச்சை மாற்றுகிற மாதிரி, "உங்க வீட்டு அளவை யாரு தின்னாங்கன்னு வேணா பாத்துடலாம்" என்று விசைகளைத் தட்டினார். பிறகு தட்டுவதை நிறுத்தினார்.

"என்ன சார்?"

"எல்லாமே உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் போயிருக்கு. அந்தப் புது மென்பொருள் இருக்குல்ல... நீங்க வேலை பாக்கறதை உங்க ஸ்கிரீனோட முழுசா படம் பிடிச்சு இங்க அனுப்பிக்கிட்டே இருக்கும். வீட்ல உக்காந்து ஒழுங்கா வேலை பாக்கறீங்களான்னு கம்பெனிக்கு ஒரு சந்தேகம். எல்லாரையும்தான், உங்களை மட்டும் இல்ல."

"பாப்பா? அவ போன்?"

"உங்க ரௌட்டர்ல வேற எந்தப் போனும் இதுவரைக்கும் சேரவே இல்லையே."

அப்போதுதான் அண்ணிக்கு உறைத்தது. பழைய பாஸ்வேர்டும் பாப்பாவுக்குத் தெரியாது. அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காத ஒன்றை மாற்றி வைத்துவிட்டு, ஏன் கேட்கவில்லை என்று வேவு பார்த்திருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு ஆபீசிலிருந்து அப்படியே பஸ் ஏறினாள். வேலை நேரத்தில் சொல்லாமல் போனதற்கு என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக் கதவு சங்கிலி அளவுக்குத்தான் திறந்தது. இடுக்கில் பாப்பாவின் பாதி முகம் தெரிந்தது. அவள் பின்னால் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"என்ன அண்ணி? இப்ப என்ன காணோம்?"

நாலு அறை அறைந்திருந்தால்கூட அண்ணி வாங்கிக்கொண்டிருப்பாள். வாசல்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அளவைச் சொன்னாள், நட்சத்திரத்தைச் சொன்னாள், படம் பிடிப்பதைச் சொன்னாள். "நான்தான்டி திருடி. என் மேஜையிலேர்ந்துதான் எல்லாம் போயிருக்கு. உன் மேல பழியைப் போட்டுட்டேன். வா, நம்ம வீட்டுக்கு வா" என்றாள்.

பாப்பா இடுக்கு வழியாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்த ஆபீசர் சொல்லலேன்னா?"

"என்னடி?"

"அவரு பாத்துச் சொல்லலேன்னா, இன்னமும் நான்தான்னு நினைச்சிருப்பீங்கல்ல?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியது ஞாபகத்துக்கு வந்தது. "ஆமா. உன்னைத்தான் நினைச்சிருப்பேன்" என்றாள் அண்ணி.

பாப்பா மறுபடி கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அவரு இதுவரைக்கும் ஒரு தடவைகூட தப்பா நினைச்சுட்டேன்னு சொன்னதில்ல" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. அண்ணிக்குப் போச்சு என்றிருந்தது. பிறகு சங்கிலி விழும் சத்தம் கேட்டது. பாப்பா அதே ஒற்றைப் பையோடு வெளியே வந்தாள். "அவரு வர நேரம். சீக்கிரம் நடங்க அண்ணி" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் பாப்பா, பக்கத்தில் அண்ணி. கூட்டமில்லை.  மெக்கானிக்குக்குச் சொன்னதும் அவன் முகம் எப்படியிருக்கும் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள். எப்படியோ கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம் என்று மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டது.

"ரூம்ல யாருகிட்ட பேசினேன்னு கேட்டீங்கல்ல அண்ணி" என்றாள் பாப்பா திடீரென்று. "யாரும் இல்ல. நானே சும்மா பேசிக்குவேன். நானே சிரிச்சுக்குவேன். அங்க வாய் அசைஞ்சாலே யாருகிட்டன்னு கேப்பாரு. உங்க வீட்ல கதவைச் சாத்திட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

 அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொள்ளப் போனாள். அந்தக் கையில் போன் இருந்தது. பாப்பா பூட்டைத் திறந்து, திரையை அண்ணி பக்கம் திருப்பி நீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்துடுங்க அண்ணி."

"ஐயோ, வேணாம்டி! என்னத்துக்கு?"

"அவரு தினமும் சாயங்காலம் வந்ததும் பாப்பாரு. யாரு கூப்பிட்டா, யாருக்கு அனுப்பினேன், எல்லாம். பாத்து முடிச்சுட்டா அன்னிக்கு ராத்திரி பிரச்சினை இருக்காது. உங்ககிட்ட முதல்லயே கொடுத்திருக்கணும், எனக்குத்தான் தோணல."

"நான் உன்னை நம்பறேன்டி பாப்பா."

"அப்பவும் கேள்வி கேக்க மாட்டேன்னுதான் சொன்னீங்க." குரலில் குத்தல் இல்லை, சும்மா நடந்ததைச் சொன்னாள். "பாருங்க அண்ணி. நீங்க பாக்கலேன்னா எனக்குத் தூக்கம் வராது."

அண்ணி போனை வாங்கினாள். வாங்காவிட்டால் அவள் விடமாட்டாள் என்று புரிந்தது. வாங்கினால் யாருடைய இடத்தில் உட்காருகிறோம் என்றும் புரிந்தது.  அழைப்புகளைப் பார்த்தாள். அண்ணா, அண்ணி, அண்ணா, அவர், அவர், அவர். செய்திகளைத் திறந்தாள். அதிலிருந்த பழையவை எல்லாம் அவளே படுக்கையறையிலிருந்து முன்னறைக்கு அனுப்பியவை. சாப்பிட வா. மைக்கில் இருக்கேன், பால்காரர் வந்தால் வாங்கி வை. தூங்கிட்டியா. கண்ணீர் திரையில் விழுந்ததைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். பாப்பா போனைப் பார்க்கவில்லை. வைத்த கண் வாங்காமல் அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரியா இருக்கா அண்ணி?"

"சரியா இருக்கு" என்றாள் அண்ணி.

பாப்பா போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். நிறுத்தம் வந்தால் எழுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து உடனே தூங்கிப் போனாள்.